தவணை முறையில் பத்தாவது

பிழைப்புக்காக ஊர் மாறியதில் படிப்பை விட்டவர்கள் பெங்களூர்த் தமிழர்களில் நிறையப் பேர். 'நாற்பது வயசுல இனி என்ன பரீட்சை?' என்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது.

அமெரிக்காவில் 1942-ல், பள்ளியை முடிக்காமல் போருக்குப் போன சிப்பாய்களுக்காக வந்தது ஜி.இ.டி. தேர்வு. 2014-ல் அதைக் கணினிக்கு மாற்றிக் கடினமாக்கினார்கள். தேறியவர்கள் எண்ணிக்கை சரிந்தது. 2016-ல் தேர்ச்சி மதிப்பெண்ணை 150-லிருந்து 145 ஆகக் குறைத்தார்கள். பாடத்திட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரால் அந்த வேகத்தில் மாற முடியாது.

நம் நாட்டில் 1979-ல் சி.பி.எஸ்.இ. ஒரு சோதனை முயற்சியாகத் திறந்தநிலைப் பள்ளியைத் தொடங்கியது. 1989-ல் அது தனி நிறுவனமானது. 2002-ல் என்.ஐ.ஓ.எஸ். என்று பெயர் மாறியது. பத்தாவது தேற ஐந்து பாடங்கள் போதும். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். எங்கள் வங்கி மொழியில் சொன்னால், ரெக்கரிங் டெபாசிட் மாதிரி!

தமிழையே மொழிப்பாடமாக எடுக்கலாம். முதல் தடவை அதோடு இன்னொரு பாடம் மட்டும் எழுதட்டும், கணக்கு பிறகு. பழைய புத்தகம் வாங்குமுன், சேர்ந்த வருடத்துப் பாடத்திட்டம்தானா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் சித்தியோ, வீட்டில் வேலை செய்யும் அக்காவோ, யாராவது இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். படித்துவிடுவார்கள்.