தல்லாகுளத்துச் சாலையும் பழகுநர் தேர்வும்

மதுரையில் மோட்டார்த் தொழில் வேரூன்றிய நாளில் ஓட்டுநரிடம் எதிர்பார்க்கப்பட்டது வண்டியை அடக்கியாளும் கைத்திறன் மட்டுமே. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் இந்நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கியபோது, நாடு முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. பின்வந்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் சாலைக் குறிகளை ஒன்பதாம் அட்டவணையிலும் ஓட்டும் நெறிகளைப் பத்தாம் அட்டவணையிலும் தொகுத்ததால், ஓட்டுநர் படித்தறிய வேண்டிய பாடம் ஒன்று முதன்முறையாக உருப்பெற்றது.

1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தோடு சேர்ந்த மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதி, அப்பாடத்தைத் தனித் தேர்வாக்கியது. எல்.எல்.ஆர். என்று வழங்கும் பழகுநர் உரிமம், அதாவது ஆறு மாதம் செல்லுபடியாகும் பயிற்சிக்கால அனுமதி, வேண்டுவோர் சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநருக்குரிய கடமைகள், வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள், ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும் என்றது அவ்விதி. ஊரார் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் குறிகளைச் சுட்டிக் கேட்க, விண்ணப்பதாரர் வாய்மொழியாக விடை சொன்ன காலம் போய், கணினித் திரையில் விடையைத் தெரிவுசெய்யும் முறை பின்னர் வந்தது. கேட்கும் வழி மாறிற்றே தவிர, கேள்வியின் இயல்பு மாறவில்லை.

இந்நான்கில் கடைசியாகச் சொன்னதே கூர்ந்து நோக்கத்தக்கது. ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கி நடந்துபோய் இருபுறமும் ரயில் வரவில்லை என்று கண்ட பிறகே வண்டியைக் கடத்த வேண்டும், துணைக்கு ஆளில்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 131ஆம் பிரிவு. வரப்போகும் ஆபத்தை முன்னரே தேடிக் காணும் கடமையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன இடம் அச்சட்டத்தில் அரிது. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டதால், அந்தப் பாடமும் பெருமளவு பயனிழந்தது.

ஆபத்தை முன்னரே காணும் அத்திறனைத் தனியே சோதிக்கும் முறை பிரிட்டனில் உண்டு. அங்கே எழுத்துத் தேர்வு 1996இல் தனியாகப் பிரிக்கப்பட்டு, 2002 நவம்பரில் ஆபத்துணர்வுத் தேர்வு அதனோடு சேர்க்கப்பட்டது. ஓடும் சாலைக் காட்சிகள் 14 காட்டப்பட, ஓட்டுநரை வேகம் குறைக்கவோ திசை மாற்றவோ வைக்கும் நிலை உருவாகத் தொடங்கும்போதே தேர்வர் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு முன்னதாக உணர்கிறாரோ அவ்வளவு மதிப்பெண் கூடும், உச்சம் ஐந்து.

இத்தகைய தேர்வுக்கு மதுரையின் தல்லாகுளம் குறைவின்றிக் காட்சிகள் தரும். 2023இல் திறக்கப்பட்ட, ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நத்தம் சாலை மேம்பாலம் இங்கிருந்தே தொடங்குவதால், பாலத்திலிருந்து இறங்கும் வேகமும் கீழ்ச்சாலையில் நின்று நகரும் ஷேர் ஆட்டோவும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அழகரை எதிர்சேவை கொள்ளும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதிப்படி நடக்கும் ஓட்டுத் தேர்வு, எதிர்வரும் வண்டியைத் தக்க எச்சரிக்கையோடு கடக்கச் சொன்னாலும், இருசக்கர வண்டிக்காரர் நினைவில் அது ‘எட்டு’ப் போடுவதாகவே சுருங்கிவிட்டது. 2021 மார்ச் முதல் ஆதார் வழியாகப் பழகுநர் உரிமத்தை அலுவலகம் செல்லாமலே பெற வழி திறந்துள்ள நிலையில், சாலையைப் பார்க்கும் கண்ணைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் அந்த எட்டின் மேல் விழுந்திருக்கிறது.