பேராதனை மண்டபங்களும் மாணவர் பரிபாலனமும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு சர்வகலாசாலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் சட்டங்களையும், துணைவேந்தர்களின் வரிசையையும், பட்டம் பெற்றோர் தொகையையும் விரித்துரைத்து அமைவதே பெருவழக்கு. அங்கே பயின்ற மாணவன் எங்கே தங்கினான், யாரோடு உண்டான், நோயுற்றபோது அவனை யார் பார்த்துக்கொண்டார்கள், கையில் பணம் இல்லாதபோது அவன் படிப்பு எவ்வாறு தொடர்ந்தது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படாமலே போகின்றன. இலங்கையின் உயர்கல்வி வரலாற்றில் இவ்வினாக்களை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. மாணவர் ஒருங்கே கூடி வாழவேண்டும் என்ற எண்ணத்தை முன்னிட்டுத் தலைநகரை விட்டு மலைநாட்டுக்குப் பெயர்ந்த ஸ்தாபனம் பேராதனை. அங்கே மாணவர் நலம் விடுதி மண்டபப் பொறுப்பாளரான வார்டன் ஒருவரின் நேர்முகக் கவனிப்பாகத் தொடங்கி, சட்டம், நிதியம், ஆலோசனைப் பிரிவு என்னும் அமைப்புகளாக எவ்வாறு உருமாறிற்று என்பதையும், அம்மாற்றத்தின் இடைக்காலத்தில் நிர்வாகம் நிரப்பாது விட்ட இடத்தை மாணவர் தாமே நிரப்பியதால் விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்புக் காலம்

பொன்னம்பலம் அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், ஆனந்த குமாரசுவாமி முதலியோர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாய், கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் அமைந்த மாளிகையொன்றில் 1921-ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ராபர்ட் மார்ஸ் அதிபராயிருந்த அக்கல்லூரி தானே பட்டம் வழங்கும் உரிமையற்றது. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்வதே அதன் பணி. யாழ்ப்பாணத்திலிருந்தும் காலியிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த இளைஞர் சிலர் விடுதிகளிலும், வேறு சிலர் உறவினர் இல்லங்களிலும், ஏனையோர் வாடகை அறைகளிலும் தங்கி, விரிவுரை நேரத்தில் மட்டுமே ஒருவரையொருவர் கண்டு கலைந்தனர்.

இந்தக் குறையே பின்னர் எழுந்த நீண்ட விவாதத்துக்கு வித்தாயிற்று. கொழும்பிலேயே சர்வகலாசாலை அமையவேண்டும் என்றோர், பெரிய வைத்தியசாலையும் நூல்நிலையங்களும் அங்கிருப்பதையும், நகரவாசிகளின் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கும் சிக்கனத்தையும் காரணம் காட்டினர். கண்டிப் பிரதேசத்தை விரும்பியோரோ, பரீட்சையில் தேறுவதற்குரிய அறிவை நகரத்து விரிவுரை மண்டபம் தரக்கூடுமாயினும், இனமும் மதமும் வேறுபட்ட இளைஞர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பெறும் மனவிரிவை உறைவிட சர்வகலாசாலையே தரும் என்று வாதித்தனர். பத்திரிகை உலகில் செல்வாக்குப் பெற்றிருந்த டி. ஆர். விஜேவர்தன இரண்டாம் அணிக்குத் துணைநின்றார். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு பேசப்பட்டு, இறுதியில் மகாவலி கங்கைக்கும் ஹந்தான மலைச்சாரலுக்கும் இடைப்பட்ட பேராதனை தெரிவுசெய்யப்பட்டது.

மண்டப வாழ்வு

1942 ஜூலை 1-ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகம் சட்டபூர்வமாகத் தோன்றியபோது அதன் மாணவர் தொகை ஏறத்தாழ 900 மட்டுமே. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ், தன்னாட்சியும் உறைவிடமும் உடைய ஒருமுகப்பட்ட சர்வகலாசாலை என்ற கொள்கையில் உறுதியாக நின்றவர். நகரத்திட்ட நிபுணர் பாட்ரிக் அபர்க்ரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் வகுத்த அமைப்புக்கு, கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் இந்நாட்டுப் பழைய கட்டடங்களின் சாயல் கொண்ட உருவம் கொடுத்தார். உலக யுத்தம் முடிந்த பின்னரே வேலை வேகம் பெற்றது. 1949-இல் ஒருசில துறைகளும் 1952-இல் கலைப் பிரிவுகளும் பேராதனைக்குப் பெயர்ந்தன. 1954 ஏப்ரல் 20-ஆம் நாள் சம்பிரதாயபூர்வமான திறப்புவிழா நடந்தது.

இராமநாதன், அருணாசலம், ஜேம்ஸ் பீரிஸ், ஜயதிலக, மார்ஸ், விஜேவர்தன என்னும் பெயர்களையும், மகளிர்க்கு ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தை என்னும் பெயர்களையும் தாங்கிய மண்டபங்கள் வெறும் தங்குமிடங்களாக எண்ணப்படவில்லை. ஒவ்வொரு மண்டபத்துக்கும் உணவுக்கூடமும் பொது அறையும் இருந்தன. கல்விசார் பதவியில் உள்ள ஒருவரே வார்டனாயிருந்து, உபவார்டன்களின் துணையோடு மாணவரைக் கவனித்தார். மாணவன் ஒருவன் வகுப்புக்குச் செல்லாமல் அறையிலேயே கிடந்தாலும், உணவுக்கூடத்தில் அவன் இடம் இரண்டு வேளை வெறுமையாயிருந்தாலும், அதனைக் கவனித்துக் காரணம் வினவக்கூடிய ஒருவர் அதே வளவில் வசித்தார் என்பதே இம்முறையின் உயிர்நாடி. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் தத்தமக்கெனத் தனி விடுதியின்றி ஒரே மண்டபத்தில் வாழ்ந்தனர் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்ப மாணவர் விடுதிகள் பிரிந்து கிடந்த அக்காலத்துத் தென்னாசியச் சூழலில் இது சாமானியமான சாதனையன்று.

ஆயினும் இவ்வமைப்பு ஒரு சமூக வரம்புக்கு உட்பட்டதாகவே இருந்தது. உணவு மேசை ஆசாரங்களும், உரையாடும் மொழியும், மாலைநேர உடையும் ஆங்கிலப் பாடசாலைகளிலிருந்து வந்த வகுப்பினரை உத்தேசித்தவை. வார்டனும் மாணவனும் ஒரே வகைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்ற எழுதப்படாத அனுமானத்தின் மீதே அந்தக் கவனிப்பு முழுவதும் தங்கியிருந்தது.

எண்ணிக்கைப் பெருக்கம்

அவ்வனுமானத்தைக் குலைத்த மாற்றம் சர்வகலாசாலைக்கு வெளியே முன்னரே தொடங்கியிருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை கட்டணத்தை நீக்கியது. மத்திய மகா வித்தியாலயங்களில் பயின்ற கிராமத்துப் பிள்ளைகள் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பேராதனையின் வாயிலை அடைந்தனர். 1960-ஐ ஒட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் கற்ற மாணவர் கலைப்பீடத்தில் சேரத் தொடங்கியதும் அவ்வருகை வெள்ளமாயிற்று. ஒருவருக்கும் இருவருக்குமாக அமைந்த அறைகளில் அதனினும் மிகுதியானோர் நெருங்கி வாழ நேர்ந்தது. இடம் கிடைக்காதோர் வெளியே அறை தேடினர். அனைவரும் மண்டபத்திலேயே வாழ்வர் என்ற மூலக் கொள்கை நடைமுறையில் தளர்ந்தது.

மாணவரின் தேவையும் அடியோடு மாறிற்று. கமக்காரனின் மகனுக்கும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் கட்டணம் இல்லை என்பது மட்டும் போதியதன்று. உணவுக்கும் உடைக்கும் புத்தகத்துக்கும் ஊருக்குச் சென்றுவரும் ரயில் செலவுக்கும் பணம் வேண்டும். தாய்மொழியில் விரிவுரை கேட்டாலும், நூல்நிலையத்தின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஒரு வார்டன் எத்துணைக் கருணையுடையவராயினும், நூற்றுக்கணக்கானோரின் பெயரையும் முகத்தையும் குடும்ப நிலையையும் மனத்தில் நிறுத்துதல் அவரால் ஆகக்கூடியதன்று.

மாணவர் தாமே சமைத்த வாழ்வு

வார்டனின் கவனிப்பு எட்டாத இடத்தை மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சிலரின் தன்முயற்சியும் நிரப்பின. தமிழ்ச் சங்கமும் அதன் வெளியீடான ‘இளங்கதிர்’ இதழும் தமிழ் மாணவர்க்கு எழுத்துப் பயிற்சிக் களமாயின. 1960-களில் குன்றின்மீது எழுந்த குறிஞ்சிக் குமரன் ஆலயம் ஊரை விட்டு வந்தோர்க்கு ஒன்றுகூடும் இடமாயிற்று. சிங்கள மாணவரை வைத்துப் பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர உருவாக்கிய ‘மனமே’ நாடகம் 1956-இல் மேடையேறி, சிங்கள அரங்கின் போக்கையே மாற்றியது.

இவ்வெழுச்சியைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தைப் பேராதனைக்குக் கொணர்ந்தார். மட்டக்களப்பு அண்ணாவியார் மத்தளம் தட்டித் தாளக்கட்டுச் சொல்ல, நூல்நிலையத்தில் பகலெல்லாம் அமர்ந்திருந்த மாணவர் மாலையில் காலில் சதங்கை கட்டி அதற்கேற்ப ஆடிப் பழகினர். வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பெற்ற கூத்து, படச்சட்ட மேடைக்கேற்ப ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. 1962-இல் ‘கர்ணன் போர்’, தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன அரங்கேறின. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் அத்துறையின் பேராசிரியராக விளங்கினார். கிராமத்திலிருந்து வந்த மாணவன், தான் நாணி மறைத்த ஊர்க்கலையே கற்றோர் சபையில் மதிக்கப்படுவதைக் கண்டபோது பெற்ற தன்னம்பிக்கை, எந்த நிர்வாகப் பிரிவும் விதிமுறையால் வழங்கவியலாத மாணவர் நலமாகும்.

இதே வெற்றிடத்தில் தீமையும் வேர்விட்டது. சிரேஷ்ட மாணவர் புதியோரை மண்டபத்துக்குப் பழக்கும் விளையாட்டாகத் தொடங்கிய பகிடிவதை, மேற்பார்வை தளர்ந்த சூழலில் அவமானமும் கொடுமையும் ஆயிற்று. மாணவர் சிலர் அதனால் உடல்நலமும் உயிரும் இழந்தனர். நாட்டின் இனப் பகைமை முற்றியபோது, பேராதனை ஸ்தாபகர் கண்ட கனவும் சிதைந்தது: 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர் தாக்குண்டு வளாகத்தை விட்டு வெளியேறினர். ஒரே மண்டபத்தில் வாழ்வதால் மட்டும் நல்லுறவு தானே மலர்ந்துவிடாது. அதனை நாள்தோறும் பேணும் பொறுப்புடையோர் வேண்டும் என்பதற்கு இதனினும் வேதனையான சான்று வேண்டுவதில்லை.

சட்டமும் நிதியும்

1978-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், அதற்கு முன் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாயிருந்த பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் முதலியவற்றைத் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாக்கி, மாணவர் சங்கங்களுக்கும் சட்ட அங்கீகாரம் அளித்தது. 1981-இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் நிறுவப்பட்ட மஹாபொல புலமைப்பரிசில் நிதியம், வறிய மாணவர்க்கு மாதாந்த உதவியை ஒருவரின் தயவில் தங்காத ஒழுங்கான ஏற்பாடாக்கியது. 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மாணவ ஆலோசகர், சுகாதார நிலையம், உடற்கல்விப் பிரிவு என்பன இவற்றோடு சேர, வார்டன் ஒருவரே தாங்கிய கடமை பல கரங்களுக்குப் பகிரப்பட்டது.

முடிபு

இவ்வரலாற்றை வீழ்ச்சியின் கதையாகச் சொல்லுவோர், சில நூறு பேர்க்குக் கிடைத்த நேர்முகக் கவனிப்பை எண்ணி ஏங்குகின்றனர்; முன்னேற்றத்தின் கதையாகச் சொல்லுவோர், பல்லாயிரவர்க்குத் திறந்த வாயிலை எண்ணி மகிழ்கின்றனர். இரண்டும் பாதி உண்மையே. இலவசக் கல்வியால் சர்வகலாசாலை சீர்கெட்டது என்ற அபிப்பிராயம் ஏற்கத்தக்கதன்று. வாயிலைத் திறந்த வேகத்துக்கு ஈடாக உள்ளிருப்போரைப் பேணும் ஏற்பாட்டைப் பெருக்காது, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாளாவிருந்ததே பிழை. நிதியம் பசியைப் போக்கும். சட்டம் கொடியோரைத் தண்டிக்கும். ஆயின் புதிதாய் வந்த மாணவன் சோர்ந்திருப்பதை முதல் வாரத்திலேயே கண்டறிய, அவன் பெயரை அறிந்த மனிதர் ஒருவர் அருகில் வேண்டும். உபவார்டன்களையும் மாணவ ஆலோசகர்களையும் தொகைக்கேற்பப் பெருக்கி, அப்பணியை உபரி வேலையாகக் கருதாது விரிவுரைக்கு நிகரான கல்விப் பணியாக மதித்து, அதற்குரிய நேரமும் ஊதியமும் பதவியுயர்வில் உரிய இடமும் அளிப்பதே, மகாவலிக் கரையில் உறைவிட சர்வகலாசாலை கண்ட முன்னோரின் எண்ணத்தை இலவசக் கல்வியின் நீதியோடு பொருத்தும் வழியாகும்.