உள்ளே தெரியும் பெட்டி



முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா என்னும் காட்சியகத்தைப் பலரும் அறிவீர்கள். பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே நிறுவியிருக்கின்றனர். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் அவற்றுள் ஒன்று. தறிக்கு மூடி ஏது? மிதியை அழுத்தினால் பாவு இரண்டாகப் பிரிகிறது. இடையே நாடா ஊடையுடன் ஓடுகிறது. ஆடை உருவாகும் விதம் முழுவதையும் கண்ணாலேயே காணலாம்.

ஒரு நாள் அங்கே என்னுடன் வந்த மாணவன் ஒருவன் தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். அதன் முதுகு ஒளிபுகும் கண்ணாடி. உள்ளே வட்டமாக ஒரு கம்பிச்சுருள் தெரிந்தது. "ஐயா, இது எதற்கு?" என்று வினவினான். அது 2022இல் நத்திங் நிறுவனம் வெளியிட்ட போன் (1). இந்தியாவில் விற்க வேண்டியவற்றை அந்நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே செய்வித்தது.

பொருளின் உள்ளமைப்பைக் காட்டும் வழக்கம் புதிதன்று. 1939இல் நியூயார்க் நகரின் உலகப் பொருட்காட்சியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூட்டினுள் தொலைக்காட்சிப் பெட்டியை அமைத்து வைத்தது. படம் காற்றுவழி வருகிறது என்பதை அன்று பலர் நம்பவில்லை. உள்ளே சூது ஒன்றுமில்லை என்று காட்டவே அந்த ஏற்பாடு. அதே பொருட்காட்சியில் போண்டியாக் கார் ஒன்றும் அவ்வாறே ஒளிபுகும் உடலுடன் நின்றது.

பின்னர் 1995இல் நிண்டெண்டோவின் கேம் பாய் விளையாட்டுக் கருவி ஒளிபுகும் உடலில் வந்தது. 1998இல் ஆப்பிளின் ஐமேக் கணினி நீலநிறக் கூட்டுடன் வந்தது. மங்கிய நிறப் பெட்டிகளைக் கண்டு சலித்த மக்கள் அதனை விரும்பி வாங்கினர். சில ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது. வெண்மையும் உலோகமும் மேலோங்கின. கைப்பேசிகள் பசையிட்டு மூடப்பெற்றன. மின்கலத்தைக் கழற்றுவதும் அரிதாயிற்று.

அந்நாளில் பிறவாத இளைஞரும் இன்று அத்தகைய பொருள்களை விரும்புவதேன்? எனக்குத் தோன்றும் காரணத்தை என் இளமையிலிருந்தே சொல்கிறேன். எங்கள் வீட்டு வால்வு வானொலியின் பின்பலகையில் துளைகள் இருந்தன. அவற்றின் வழியே செம்மையாய் ஒளிரும் வால்வுகளைப் பார்த்திருப்பேன். பாட்டு நின்றால், எந்த வால்வு இருண்டது என்று தந்தையார் முதலில் அங்கேதான் பார்ப்பார். பொருள் நமக்குப் புரியும், நம் கைக்கு அடங்கும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. மக்கள் ஏங்குவது அந்த நம்பிக்கைக்கே என்று கருதுகிறேன்.

ஆனால் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டுவதில்லை. அக்கைப்பேசியில் சிந்திக்கும் சில்லுகள் மூடியின் கீழ் மறைந்துள்ளன. தெரிபவற்றுள் பல அழகுக்காக ஒழுங்குபடுத்தப்பட்டவை. எனினும் அக்கம்பிச்சுருள் மெய்யானது. மின்னேற்றும் தட்டிலுள்ள சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் மாறுகிறது. அதனால் கைப்பேசியின் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்த உண்மை இது.

அச்சுருளை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தேன். தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர் பலர். எதற்கு என்று கேட்டவர் எவருமிலர். என் கரும்பலகை செய்யாததை அன்று ஒரு கண்ணாடி செய்தது. நான் விளக்கி முடித்ததும் அம்மாணவன் தறியின் பக்கம் திரும்பி, "பாவு எப்படி ஐயா பிரிகிறது?" என்றான். இருவரும் குனிந்து பார்த்தோம்.

உங்கள் கையிலுள்ள பொருளையும் ஒருமுறை அவ்வாறு பாருங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள்.