பேப்பர் பிளேன்ஸ் (பாடல்)

பேப்பர் பிளேன்ஸ் என்பது ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. (மாதங்கி "மாயா" அருள்பிரகாசம்) பாடிய ஆங்கிலப் பாடல் ஆகும். "காகித விமானங்கள்" என்பது இத்தலைப்பின் நேர்ப்பொருள். 2007 ஆகஸ்டில் வெளிவந்த கலா என்னும் இசைத்தொகுப்பில் இடம்பெற்ற இப்பாடல், 2008-இல் தனிப்பாடலாக வெளியிடப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடத்தை எட்டியது. தி கிளாஷ் என்னும் பிரித்தானிய ராக் இசைக்குழுவின் பாடலொன்றின் இசைத்துணுக்கே இதன் அடித்தளம்.

பின்னணி

மாயா 1975-இல் பிறந்தார். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கு வளர்ந்த அவர், போர்ச்சூழலால் 1980-களின் நடுவில் தாயுடன் அகதியாக இலண்டன் திரும்பினார். தந்தை அருளர் ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். லங்கா ராணி என்னும் புதினத்தை எழுதியவர். மாயாவின் முதல் தொகுப்பு (2005) தந்தையின் பெயரையும், இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரையும் தாங்கியுள்ளன.

கலா தொகுப்பை அமெரிக்காவில் ஒலிப்பதிவு செய்யவே மாயா எண்ணியிருந்தார். 2006-இல் அமெரிக்க நுழைவிசைவு கிடைக்காமற்போனதால் இந்தியா, டிரினிடாட், ஆத்திரேலியா, லைபீரியா எனப் பல நாடுகளுக்குச் சென்று பணியாற்றினார். சென்னையில் உறுமி மேளக் கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்த ஒலிகள் இத்தொகுப்பின் வேறு பாடல்களில் உள்ளன. தென் தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் உறுமி கேட்டுப் பழகியவர்கள் "பாய்ஸ்" என்னும் பாடலில் அதனை உடனே அடையாளம் காணலாம். பேப்பர் பிளேன்ஸ் பாடலில் உறுமி இல்லை. ஆனால் நுழைவிசைவுச் சிக்கலே அதன் கருப்பொருளாயிற்று.

இசையும் பொருளும்

பழைய ஒலிப்பதிவின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது ஹிப் ஹாப் இசையில் பரவலான முறை. டிப்லோ, சுவிட்ச் என்னும் இரு தயாரிப்பாளர்களும் இவ்வாறு எடுத்துக்கொண்டது, தி கிளாஷ் குழுவின் "ஸ்ட்ரெயிட் டு ஹெல்" (1982) பாடலின் தொடக்க இசையை ஆகும். எனவே பாடலாக்கியோர் பட்டியலில் மாயா, டிப்லோ ஆகியோருடன் அக்குழுவின் நால்வர் பெயரும் சேர்க்கப்பட்டுள்ளது. அவர்களுள் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-இலேயே காலமானவர்.

இத்தேர்வு பொருத்தமானது. "ஸ்ட்ரெயிட் டு ஹெல்" பாடலும் பிரித்தானியாவில் ஒதுக்கப்பட்ட குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கப் போர்வீரர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றியதே. மூலப்பாடலின் துயரம் புதிய பாடலில் கேலியாக மாறியுள்ளது. போலி ஆவணம் தயாரிப்பவர், கொள்ளையடிப்பவர், பணத்துக்காகவே வருபவர் என்று குடியேறிகளைப் பற்றி மேலைநாடுகளில் நிலவும் அச்சத்தைப் பாடல் மிகைப்படுத்திக் காட்டுகிறது. சிறுவர்களின் குரலில் அமைந்த பல்லவியில் சொற்களுக்குப் பதிலாகத் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும், அதனைத் தொடர்ந்து கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எடுக்கப்பட்ட காணொளியில் மாயா வண்டியில் உணவு விற்கிறார். அதாவது, பெரும்பாலான குடியேறிகள் உண்மையில் செய்யும் வேலையைச் செய்கிறார்.

இக்கேலி எல்லோருக்கும் புரியவில்லை. எம்.டி.வி. தொலைக்காட்சியில் வெடியோசை மாற்றப்பட்டே ஒளிபரப்பானது. 2007-இல் டேவிட் லெட்டர்மனின் நிகழ்ச்சியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பல்லவியின் பாதியே அவ்வோசை என்பதால், அதனை நீக்கியபின் எஞ்சியதில் பொருள் குன்றியது. மாயா இதனை வெளிப்படையாகக் கண்டித்தார்.

வணிக வெற்றி

வெளியான தொடக்கத்தில் திறனாய்வாளர்கள் பாராட்டினரேயன்றி விற்பனை பெரிதாக இல்லை. பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படத்தின் முன்னோட்டத்தில் இப்பாடல் பயன்படுத்தப்பட்டதே திருப்பமாக அமைந்தது. படம் 2008 ஆகஸ்டில் வெளிவந்தது. இணையவழிப் பதிவிறக்கம் பரவியிருந்த காலம் அது. திரையரங்கிலோ தொலைக்காட்சியிலோ முன்னோட்டத்தைக் கண்டவர் இசைத்தட்டுக் கடையைத் தேடாமல் அப்பாடலை மட்டும் தனியே வாங்க முடிந்தது. அவ்விற்பனை பில்போர்டு பட்டியலிலும் கணக்கிடப்பட்டது. இதனால், தொகுப்பு வெளிவந்து ஓராண்டு கழிந்தபின் ஒரு பழைய பாடல் முதல் ஐந்து இடங்களுக்குள் நுழைந்தது. பிரித்தானியாவில் 19-ஆம் இடம் வரை சென்றது. பின்னர் அமெரிக்காவில் மும்மடங்கு பிளாட்டினம் சான்று பெற்றது. ஒரு பிளாட்டினம் என்பது 10 இலட்சம் படிகளைக் குறிக்கும்.

அதே ஆண்டில் கான்யே வெஸ்ட், மாயாவின் குரலிலிருந்து ஒரு வரியை வெட்டியெடுத்து "ஸ்வாகா லைக் அஸ்" என்னும் ராப் பாடலை உருவாக்கினார். தி கிளாஷ் பாடலுக்கு நேர்ந்தது மாயாவின் பாடலுக்கும் நேர்ந்தது எனலாம்.

டேனி பாயில் இயக்கிய ஸ்லம்டாக் மில்லியனர் (2008) திரைப்படத்திலும் பேப்பர் பிளேன்ஸ் இடம்பெற்றது. அப்படத்துக்காக ஏ. ஆர். ரகுமானும் மாயாவும் இணைந்து உருவாக்கிய "ஓ... சாயா" பாடல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது அதே படத்தின் "ஜெய் ஹோ" பாடலுக்குச் சென்றது.

பேப்பர் பிளேன்ஸ் 2009-ஆம் ஆண்டு கிராமி விருதுகளில் "ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு" பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. ராபர்ட் பிளாண்ட், அலிசன் கிராஸ் இணையின் பாடல் விருதை வென்றது. அவ்விழா பிப்ரவரி 8 அன்று நடைபெற்றது. நிறைமாதக் கருவுற்றிருந்த மாயா, "ஸ்வாகா லைக் அஸ்" பாடலுக்காக ராப் பாடகர் நால்வருடன் மேடையேறினார். வன்னியில் இறுதிக்கட்டப் போர் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இப்பாடலால் கிடைத்த புகழைக் கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல்களில் அங்குச் சிக்கியிருந்த தமிழ்ப் பொதுமக்களின் நிலையை அவர் எடுத்துரைத்தார்.