முதிய பூனைகளின் நாட்பட்ட மூக்கு, காது நோய்களை அறிதல்

முதிய பூனைகளின் நாட்பட்ட மூக்கு, காது நோய்களை அறிதல் என்பது வயது முதிர்ந்த பூனைகளில் நீடிக்கும் தும்மல், மூக்கு ஒழுகல், காதில் சீழ் வடிதல் ஆகியவற்றின் மூல காரணத்தைக் கண்டறியும் கால்நடை மருத்துவ முறையாகும். பொதுவாக 4 வாரங்களுக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட நோயெனவும், 10 வயதைக் கடந்த பூனை முதிய பூனையெனவும் கொள்ளப்படும். அழற்சியும் புற்றுநோயும் ஒரே விதமான அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால், இவற்றை வேறுபடுத்தி அறியப் பெரும்பாலும் திசுப் பரிசோதனை தேவைப்படுகிறது.

உடலமைப்பு

நடுச்செவியானது மெல்லிய குழல் ஒன்றினால் மூக்கின் பின்புறத் தொண்டைப் பகுதியுடன் இணைக்கப்பட்டுள்ளது. எனவே அப்பகுதியில் கட்டி வளர்ந்தால் நடுச்செவியில் நீர் தேங்கலாம். கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பிழைகள் நடுச்செவி வழியாகச் செல்கின்றன. அவை பாதிக்கப்படின் கண்மணி சுருங்கி, மேலிமை தாழ்ந்து, மூன்றாம் இமை வெளித்தெரியும். இது ஓர்னர் கூட்டறிகுறி எனப்படும்.

காரணங்கள்

- நாட்பட்ட மூக்கழற்சி: இளமையில் ஏற்பட்ட ஹெர்பிஸ் தீநுண்மித் தொற்று மூக்கினுள் உள்ள மென்மையான சுருள் எலும்புகளைச் சிதைப்பதால், பிற்காலத்தில் பாக்டீரியாத் தொற்று மீண்டும் மீண்டும் தோன்றக்கூடும்.
- புற்றுநோய்: பூனையின் மூக்கில் நிணநீர்ப் புற்று மிகுதியாகக் காணப்படுகிறது. காதுக் குழலில் குறும்பிச் சுரப்பிப் புற்று தோன்றலாம்.
- பூஞ்சைத் தொற்று: கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் மூக்கின் மேற்பகுதி வீங்கலாம்.
- மேல்தாடைப் பல்வேரில் சீழ் கட்டுதல்.
- புல் போன்ற அயற்பொருள் மூக்கினுள் சிக்குதல்.

காதுச் சிற்றுண்ணியும், நடுச்செவியிலிருந்து வளரும் சதை வளர்ச்சியும் இளம் பூனைகளிலேயே மிகுதி.

நோயறியும் படிகள்

1. வெளிப் பரிசோதனை: ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகுதல், இரத்தம் கலந்து வருதல், முகம் கோணுதல் ஆகியவை கட்டி, பூஞ்சை, பல்நோய், அயற்பொருள் ஆகியவற்றை ஐயுறச் செய்யும். மூக்குத் துளையருகே பஞ்சிழையைப் பிடித்துக் காற்றோட்டம் பார்க்கப்படும். தலை ஒருபுறம் சாய்ந்திருப்பது உட்செவியும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதைக் காட்டும்.
2. இரத்தப் பரிசோதனை: முதிய பூனைகளில் சிறுநீரக நோயும் தைராய்டு மிகைப்பும் பரவலாக உள்ளதால், மயக்க மருந்து கொடுக்குமுன் இவை சோதிக்கப்படும். கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையை அதன் எதிர்ப்பொருளூக்கியைக் கொண்டு இரத்தத்திலேயே கண்டறியலாம்.
3. படமெடுத்தல்: சி. டி. ஸ்கேன் மூக்கறைகளையும் நடுச்செவியையும் ஒருங்கே காட்டும். உள்நோக்கியும் திசு எடுத்தலும் இரத்தக் கசிவை உண்டாக்கிப் படத்தைக் குழப்புமாதலால், ஸ்கேன் முதலில் எடுக்கப்படும்.
4. உள்நோக்கியும் திசுப் பரிசோதனையும்: கருவியின் நீளம் கண்ணின் உள்மூலை வரை அளந்து குறிக்கப்படும். அதனைத் தாண்டினால் மூளைக்கும் மூக்கிற்கும் இடையிலுள்ள சல்லடை எலும்பு துளைபடக்கூடும். கட்டியின் மேற்பரப்பில் அழற்சி மட்டுமே தென்படலாம் என்பதால் பல இடங்களில் ஆழமாகத் திசு எடுக்கப்படும்.

மூக்கிலிருந்து எடுத்த சளியில் பாக்டீரியா வளர்வது மட்டுமே நோயின் காரணத்தைக் காட்டாது. நலமான பூனையின் மூக்கிலும் பாக்டீரியாக்கள் உள்ளன.

முக்கியத்துவம்

நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் ஒழுகல் தற்காலிகமாகக் குறைவது புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்றன்று. மூக்கோடு நின்றுள்ள நிணநீர்ப் புற்று கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படக்கூடியது. பூஞ்சைத் தொற்றுக்குப் பல மாத மருந்து தேவை. நாட்பட்ட மூக்கழற்சி முற்றிலும் குணமாவது அரிதெனினும் கட்டுப்படுத்தத்தக்கது. மணம் அறியாத பூனை உணவை மறுக்கும். சில நாட்கள் உண்ணாதிருப்பின் கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.