மனிதகுல அழிவு குறித்த அறத்தீர்ப்பும் பொதுமக்கள் கருத்தும்

1942ஆம் ஆண்டுக் கோடையில் பெர்க்லியில் கூடிய இயற்பியலாளரிடையே எட்வர்ட் டெல்லர் ஓர் ஐயத்தை எழுப்பினார். அணுகுண்டின் வெப்பம் வளிமண்டல நைட்ரஜனைப் பற்றவைத்துவிடுமோ என்பதே அது. ஹான்ஸ் பெத்தே முதலானோர் கணக்கிட்டு அதற்கு வாய்ப்பில்லை எனக் கண்டனர்; 1945 ஜூலை 16இல் நியூ மெக்சிகோவில் முதற்சோதனை நிகழ்ந்தது. மனிதகுலம் முழுமைக்கும் உரிய வினாவொன்று, போர்க்கால மறைப்பினுள், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரால் தீர்க்கப்பட்டது. கணக்குப் பிழைபடவில்லை, ஆயினும் எத்துணைச் சிறிய இடரை ஏற்கலாம் என்பது இயற்பியல் வினா அன்று.

அவ்வாறாயின் பலரைக் கேட்டல் தீர்வாகுமா? அச்சோதனைக்கு நான்கு நாள் முன்னர், சிகாகோ உலோகவியல் ஆய்வகத்தில் அறிவியலாளர் 150 பேரிடம் குண்டினைப் பயன்படுத்தும் முறை குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டது. ஐந்து தெரிவுகளுள், ஜப்பானில் இராணுவ முறையில் செய்துகாட்டிச் சரணடைய மீண்டும் வாய்ப்பளித்தல் என்பதை 69 பேர் தேர்ந்தனர். ‘செய்துகாட்டல்’ வெற்றுநிலத்திலா, நகரின்மீதா என்பதை வினா தெளிவுறுத்தவில்லை. எனவே அவ்வாக்குகளைக் குண்டுவீச்சுக்கு ஆதரவாகவும் எதிராகவும் படிக்க இயன்றது. அடுத்த மாதம் காலப் கணிப்பில் அமெரிக்கருள் 85 விழுக்காட்டினர் குண்டுவீச்சை ஏற்றனர். 2005இல் அவ்விழுக்காடு 57. செயல் ஒன்றே, தீர்ப்போ மாறியது.

1982இல் ஜோனதன் ஷெல், அணுப்போரால் பிறவாது போகும் தலைமுறைகளை முன்னிறுத்தி வாதிட்டார். எக்கணிப்பிலும் அவர்கள் விடையளிக்க இயலாது. இரண்டாண்டுகளின் பின் டெரிக் பார்ஃபிட் மூன்று நிலைகளை ஒப்பிட்டார்: அமைதி, 99 விழுக்காட்டினரைக் கொல்லும் போர், அனைவரையும் கொல்லும் போர். முதல் இரண்டிற்கு இடையிலான வேறுபாடே பெரிதெனப் பெரும்பாலோர் கருதுவர் என்றும், பின் இரண்டிற்கு இடையிலானதே மிகப் பெரிதென்றும் அவர் எழுதினார். அதாவது, பெரும்பான்மைக் கருத்தை அறிந்தே அவர் அதனை மறுத்தார்.

ஷூபர்ட், கவியோலா, ஃபேபர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு பார்ஃபிட்டின் ஊகத்தை உறுதிசெய்தது. எனினும் நெடுங்கால விளைவுகளை எண்ணிப்பார்க்குமாறு கூறியபோது, மிகுதியானோர் அவர் பக்கம் சாய்ந்தனர். இவ்வாய்வின் பயன் விழுக்காட்டில் இல்லை. எந்தக் கருத்துகள் முதல் விடையில் இடம்பெறாமல் நின்றன என்பதை அச்சாய்வு காட்டுகிறது. அக்கருத்துகள் வலியனவா என்பதனை வாக்கெடுப்பு அன்று, வாதமே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.