ஓடுது... ஆனா சரியா ஓடுதா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கமே வர முடியலை. இந்தத் தடவை கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம். பயந்து ஓடிடாதீங்க, நடுவுல சரித்திரமும் இருக்கு :-)

போன மாசம் ஒரு சனிக்கிழமை, என்கூட மெக்கானிக்கல் படிச்ச நண்பன் போன் பண்ணினான். நான் படிச்ச படிப்பை மறந்துட்டு சாப்ட்வேர்ல குதிச்சுட்டேன். அவன் ஒழுங்கா பி.எச்டி. பண்றான். அவனோட கைடு முப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதின ஃபோர்ட்ரான் புரோகிராம் ஒண்ணு, டர்பைன் பிளேடு மேல காற்று எப்படிப் பாயுதுன்னு கணக்குப் போடறது. அது ஓடிட்டு இருந்த லேப் மெஷின் மண்டையைப் போட்டுடுச்சு. அவன்கிட்ட இருக்கறது ஏ.ஆர்.எம். சில்லு போட்ட புது லேப்டாப். புரோகிராம் கூப்பிடற கணித லைப்ரரி பைனரியா மட்டும்தான் இருக்கு. அதை வித்தவங்க இந்த ஓ.எஸ்.ஸுக்கு சப்போர்ட் கிடையாதுன்னு கைவிரிச்சுட்டாங்க.

"மச்சி, நீதான் சாப்ட்வேர் ஆளாச்சே, ஓட வச்சுக் குடு"ன்னான். சரின்னு சொன்னேன். சொந்த செலவில் சூனியம்!

ரெண்டு வாரக் கடைசி போச்சு. அந்த லைப்ரரி செஞ்ச வேலையை, பொதுவில் கிடைக்கிற பழைய ஃபோர்ட்ரான் மூலநிரல்களை வச்சு மாத்தினேன். கடைசியா ஓடிச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு அவனுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்துல போன். "டேய், கைடோட கட்டுரையில எட்டு இலக்கம் போட்டிருக்காரு. இதுல ஏழாவதும் எட்டாவதும் வேற வருது. இப்படிக் கொண்டுபோய் குடுத்தா என் தீசிஸை தூக்கி எறிஞ்சுடுவாரு."

தாவு தீர்ந்து போச்சு. ஆனா அதுக்குக் காரணம் தேடப் போனப்பதான், இது எனக்கு முன்னாடி எத்தனை பேர் மாட்டிக்கிட்டு முழிச்ச இடம்னு தெரிஞ்சுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

இலக்கத்துக்கு ஊர் ஊரா வேற அளவு

1957-ல் ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானை வெளியிட்டது, 704 என்ற ஒரே ஒரு மெஷினுக்காக. அப்புறம் எல்லா கம்பெனியும் ஃபோர்ட்ரான் குடுத்தாங்க. ஆனா மொழி ஒண்ணா இருந்தாலும் எண் ஒண்ணா இல்லை. சி.டி.சி. 6600-ல ஒரு எண்ணுக்கு 60 பிட். ஐ.பி.எம். 360-ல 32 பிட், அதுவும் பதினாறின் அடுக்கு. கிரே-1-ல 64 பிட். நம்ம ஊர் சந்தையில ஒவ்வொரு கடைக்காரரும் அவங்கவங்க படியை வச்சு அரிசி அளந்த மாதிரி. ஒரு மெஷின்ல சரியா ஓடின புரோகிராம் இன்னொண்ணுல வேற விடை குடுக்கும், இல்லைன்னா முடியவே முடியாம சுத்திட்டே இருக்கும்.

இதுக்கு பெல் லேப்ஸ்ல ஒரு வழி பண்ணினாங்க. ஃபாக்ஸ், ஹால், ஷ்ரையர் மூணு பேரும் 1978-ல வெளியிட்டது. டி1மாக் என்று ஒரு குட்டி ஃபங்ஷன். "இந்த மெஷின்ல மிகச் சிறிய எண் எது, மிகப் பெரியது எது, ரெண்டு எண்ணுக்கு நடுவுல இடைவெளி எவ்வளவு" மாதிரி ஐந்து விஷயம் கேட்டா பதில் சொல்லும். உள்ளே திறந்து பார்த்தா பர்ரோஸ், சி.டி.சி., கிரே, ஹனிவெல், ஐ.பி.எம்., பி.டி.பி.-10, யூனிவாக்னு மெஷின் மெஷினா வரிகள். எல்லா வரியிலும் முதல் எழுத்து 'சி', அதாவது கமென்ட். உங்க மெஷினோட வரியில மட்டும் அந்த 'சி'யை அழிச்சுட்டு கம்பைல் பண்ணணும். உங்க மெஷின் லிஸ்ட்ல இல்லையா? நீங்களே கண்டுபிடிச்சு எழுதிக்கோங்க!

நண்பனோட புரோகிராம்லயும் இந்த ஃபங்ஷன் இருந்தது. கைடு எந்த வரியில 'சி'யை அழிச்சிருந்தார்னு பார்த்தப்போ, ஒரு மனுஷனோட கைரேகையைப் பார்த்த மாதிரி இருந்தது.

கைவிடப்பட்டவங்களோட கருவிகள்

1985-ல ரெண்டு நல்லது நடந்தது. ஒண்ணு, ஐ.இ.இ.இ. 754 என்ற தரம். வில்லியம் கஹான் முன்னின்று செஞ்சது, அவர் 1989-ல டூரிங் விருது வாங்கினார். இனிமே எல்லாருக்கும் ஒரே படி. இன்னொண்ணு நெட்லிப். ஜாக் டோங்காராவும் எரிக் கிராஸும் ஆரம்பிச்சது. ஒரு ஈமெயில் அனுப்பினா கணித நிரல்களோட மூலம் திரும்பி வரும், காசு கிடையாது.

அடுத்து 1991. ஹெல்சிங்கியில 21 வயசுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை வெளியிடறார். அப்போ விஞ்ஞானிகள் வேலை செஞ்சது சன், சிலிக்கான் கிராபிக்ஸ் மாதிரி ஒர்க்ஸ்டேஷன்கள்ல. ஃபோர்ட்ரான் கம்பைலரை அந்தந்தக் கம்பெனிகள் வித்தன. ஒரு மாணவன் பொழுதுபோக்கா எழுதின ஓ.எஸ்.ஸுக்கு எவன் கம்பைலர் குடுப்பான்?

கை குடுத்தது எஃப்2சி. ஃபெல்ட்மன், கே, மைமோன், ஷ்ரையர் நாலு பேரும் 1990-ல வெளியிட்டது. (அந்த ஷ்ரையரே தான் மறுபடியும்!) இது ஃபோர்ட்ரானை வாங்கி சி மொழியா மாத்திக் குடுத்துடும். லினக்ஸ்ல சி கம்பைலர் இருந்தது. அப்புறம் என்ன, கொல்லைப்புற வழியா உள்ளே புகுந்தாச்சு! ஆனா ஒரு குறும்பு: எல்லா ஃபங்ஷன் பேருக்கும் பின்னாடி ஒரு அடிக்கோடு போடும். பேர்லயே அடிக்கோடு இருந்தா ரெண்டு போடும். அந்த ஒத்தை அடிக்கோட்டால லிங்க் ஆகாம நொந்து நூடுல்ஸ் ஆனவங்க எத்தனையோ பேர். பின்னாடி கிரெய்க் பர்லி எழுதின ஜி77-உம் அதே வழக்கத்தை வச்சுக்கிட்டது.

1994-ல நாசாவின் காடர்ட் மையத்துல தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ரெண்டு பேரும் 486 டி.எக்ஸ்4 சில்லுகள் பதினாறை ஈதர்நெட்ல கோத்து, லினக்ஸ் போட்டு 'பேவுல்ஃப்'ன்னு பேர் வச்சாங்க. ஒரு நெட்வொர்க் வேகம் பத்தலைன்னு ரெண்டு நெட்வொர்க்கை ஒண்ணா கட்டி ஓட்டினாங்க. அதுக்கு வேண்டிய டிரைவர்களை பெக்கரே உக்காந்து எழுதினார். மூணே வருஷம். 1997-ல கார்டன் பெல் பரிசுகள்ல காசுக்கேத்த வேகத்துக்கானதை, லாஸ் அலமாஸ்ல 'லோகி'ன்னு பேர் வச்ச, பதினாறு பென்டியம் ப்ரோ கொண்ட இதே மாதிரி ஒரு கூட்டம் தட்டிட்டுப் போச்சு.

பிரிண்ட் போட்டா விடை மாறும்

இங்கேதான் நம்ம ஏழாவது இலக்கம் வருது. பிசிக்களோட இன்டெல் மிதவைப் புள்ளிப் பகுதி, உள்ளுக்குள்ள 80 பிட்ல கணக்குப் போடும். மெமரிக்கு அனுப்பும்போது 64 பிட்டா வெட்டிடும். எப்போ அனுப்பறதுங்கறது கம்பைலரோட இஷ்டம். அதனால ஆப்டிமைசேஷனைக் கூட்டினா விடை மாறும். நடுவுல ஒரு பிரிண்ட் வரி சேர்த்தாக்கூட மாறலாம்! பிழையைத் தேடறதுக்குன்னு பிரிண்ட் போட்டா பிழை காணாம போயிடும். ஜி.சி.சி. கம்பைலரோட பிழைப் பட்டியல்ல 323-ஆம் எண் இந்த வியாதிக்குத்தான். வருஷக்கணக்கா ஆளுங்க வந்து அதே புகாரைத் திரும்பத் திரும்பக் குடுத்து சண்டை போட்ட இடம்.

இதோட உச்சம் 2004-ல செர்ன்ல. 'எல்.எச்.சி. அட் ஹோம்'னு ஒரு திட்டம். 27 கிலோமீட்டர் வளையத்துல சுத்தற புரோட்டான்கள் நிலையா இருக்குமா, சுவத்துல போய் மோதுமான்னு கணக்குப் போடற சிக்ஸ்ட்ராக் புரோகிராமை, பொதுமக்களோட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பினாங்க. ஒரு லட்சம், பத்து லட்சம் சுத்துன்னு கணக்கு. (நிஜத்துல ஒரு லட்சம் சுத்துக்கு ஒன்பது நொடிதான்!) சரிபார்க்க ஒரே கணக்கை ஒண்ணுக்கு மேற்பட்ட வீட்டுக்கு அனுப்புவாங்க. வந்த விடைகள் ஒத்துப் போகலை. முதல் சுத்துல கடைசி பிட் பிசகினா, லட்சமாவது சுத்துல துகள் வேற எங்கேயோ இருக்கும்.

காரணம் என்னன்னா, 1985-ஆம் வருஷத் தரம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவற்றுக்குத்தான் கடைசி பிட் வரைக்கும் விதி வச்சது. அடுக்குக்குறி, மடக்கை மாதிரி ஃபங்ஷன்களை அந்தந்த சிஸ்டம் லைப்ரரியோட விருப்பத்துக்கு விட்டுடுச்சு. செர்ன்ல எரிக் மெக்கின்டாஷ் இதைத் துரத்திப் பிடிச்சார். பிரான்சின் லியோன்ல ஃப்ளோரான் த தினஷான் குழு எழுதின, எப்பவும் சரியா முழுமையாக்கிக் குடுக்கற ஒரு லைப்ரரியை சிக்ஸ்ட்ராக்ல சேர்த்தாங்க. அதுக்கப்புறம்தான் எந்த வீட்டுல ஓடினாலும் பிட்டுக்குப் பிட் ஒரே விடை.

என் லேப்டாப் கதை முடிவு

இதெல்லாம் படிச்சப்புறம் என் பிரச்சினை புரிஞ்சுடுச்சு. மூணு இலக்கம் மட்டும் காட்டற கால்குலேட்டர் ஒண்ணு வச்சுக்கோங்க. 1.23-ஐ 1.23-ஆல் பெருக்கினா 1.5129. மூணு இலக்கத்துக்கு 1.51. அதுல இருந்து 1.51 கழிச்சா பூஜ்யம். ஆனா பெருக்கலையும் கழித்தலையும் ஒரே மூச்சுல செஞ்சு கடைசியில மட்டும் வெட்டினா 0.0029. 1990-ல ஐ.பி.எம். ஆர்.எஸ்./6000-ல வந்த இந்த வசதி, 64 பிட் ஏ.ஆர்.எம். சில்லு எல்லாத்துலயும் உண்டு. கம்பைலர் நம்மைக் கேக்காமலே அதைப் போட்டுடுது. "சேர்க்காதே"ன்னு ஒரு ஆப்ஷன் குடுத்தேன். பழைய எட்டு இலக்கமும் அப்படியே வந்துடுச்சு!

ஹீரோ ஆயிட்டேன்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. 0.0029-தானே உண்மைக்குப் பக்கம்? புது லேப்டாப் குடுத்த விடை தப்பு இல்லை. பழைய விடைதான் சரின்னு சொல்லவும் ஆதாரம் இல்லை. கடைசி பிட்டைக் கொஞ்சம் அசைச்சாலே ஏழாவது இலக்கம் ஆடுதுன்னா, அந்த ஏழாவது இலக்கம் யாருக்குமே தெரியாததுன்னு அர்த்தம். முப்பது வருஷமா கட்டுரையில கம்பீரமா நின்னது வெறும் இரைச்சல்.

நண்பன்கிட்ட ரெண்டு விடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்பினேன். பயந்துக்கிட்டேதான் கைடுகிட்ட போனான். அவர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அந்தக் காலத்துல நமக்கு ஒரே ஒரு மெஷின்தான்பா இருந்துது, ஒப்பிட்டுப் பார்க்க எங்கே போறது"ன்னாராம். தீசிஸ்ல இப்போ ஆறு இலக்கம்தான். எந்த ரெண்டு மெஷின்ல ஒப்பிட்டதுன்னு ஒரு பாராவும் சேர்த்திருக்கான்.

2017 நவம்பர் பட்டியல்ல உலகத்தின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் ஐந்நூறிலும் லினக்ஸ். எவனும் சப்போர்ட் குடுக்காத ஓ.எஸ். ஒரு காலத்துல! சப்போர்ட் இல்லாத மெஷின்ல ஓட வைக்கறது வெட்டி வேலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா ரெண்டாவது மெஷின்ல ஓட்டிப் பார்க்கற வரைக்கும் முதல் மெஷின் சொல்றதை எவ்வளவு நம்பலாம்னு தெரியறதே இல்லை. 'சி'யை அழிச்சவங்களும், அடிக்கோட்டோட மல்லுக்கட்டினவங்களும் அந்த வேலையைத்தான் செஞ்சிருக்காங்க. பெரும்பாலும் பேரே தெரியாம.

உங்க ஆபீஸ்லயும் இந்த மாதிரி 'அதைத் தொடாதே, ஓடிட்டு இருக்கு' புரோகிராம் ஒண்ணு இருக்கும். ஒருநாள் தைரியமா வேற பொட்டியில ஓட்டிப் பாருங்க. என்ன வந்துதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இந்த வேலைக்கு நண்பன் தர்றேன்னு சொன்ன பிரியாணி இன்னும் வரலை. அதுக்கும் சப்போர்ட் இல்லை போல :-(